ஞாயிற்றுக்கிழமை அது பூ

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக டாக்டர் பட்டம் வாங்கியவள் என் பெரியத்தாவின், அதாவது பெரியப்பாவின், மகள். இரண்டாவதாக வாங்க வேண்டியவன் நான். நடுவில் பி.ஏ. தேர்வு வந்து குறுக்கே படுத்துக்கொண்டதால் அந்தத் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. பிறகு தோல் பதனிடும் எங்கள் தோல்ஷாப்பில் வேன் ஓட்டிக்கொண்டும், கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துக்கொண்டும், அக்காவைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டும் காலம் தள்ளினேன். மூன்றில் கடைசியில்தான் எனக்குத் தேர்ச்சி உண்டு.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. "என்னையப் பத்தி எதுவும் அச்சுல வரக்கூடாது. தோலைப் பத்தி வரட்டும்" என்பது அவளுடைய உத்தரவு. எனவே தோலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திண்டுக்கல்லில் தோலைப் பதப்படுத்துவது ஆவாரம்பட்டைச் சாற்றில். தொட்டியிலிருந்து எடுக்கும்போது ரொட்டி நிறத்தில் இருக்கும் தோல், வெயில் பட்டால் நாளடைவில் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கியெடுத்தால் அவ்வளவு எளிதில் சிவக்காது. இது எங்கள் ஊரில் தோல் மூட்டை தூக்குகிற எல்லாருக்கும் தெரியும். ஏன் அப்படி என்பது யாருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்று யாரும் தூக்கம் கெட்டதாகவும் தகவல் இல்லை. அக்காவுக்குக் கெட்டது. ஊரில் இருந்த கல்லூரியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்தவள், அதே லேபில் இதை ஆராய்வதென்று முடிவுகட்டி, சென்னையில் இருந்த ஒரு பேராசிரியரிடம் பெயரைப் பதிந்துகொண்டாள்.

அது ஐம்பதுகளின் கடைசி. எங்கள் தெருவில் பெண்பிள்ளை பள்ளிக்கூடப் படிப்பை முடித்தாலே பெட்டியில் நகை எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். பெரியத்தா நகை எடுத்து வைக்கவில்லை. ஷாப்பிலிருந்து நல்ல ஆட்டுத்தோலாகப் பார்த்து எடுத்து வைத்தார், மகள் வெட்டிப் பார்ப்பதற்கு.

முதல் வருஷம் அவள் வாரத்தில் ஏழு நாளும் உழைத்தாள். லேப் பூட்டியிருக்கும் நாளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியே லேப். தோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு வரிசை கடுக்காய் போட்டது, ஒரு வரிசை போடாதது என்று வெயிலில் பரப்பி வைத்துக்கொண்டு, எது எவ்வளவு சிவக்கிறது என்று காகத்தைப் போலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் மாடியிலிருந்து கூவினாள்: "கடுக்காய் போட்டதுதான் சீக்கிரமாச் செவக்குது! ஊரே தப்பாச் சொல்லிட்டு இருந்திருக்கு!" குடும்பமே மாடிக்கு ஓடியது. பெரியத்தா சிவந்த துண்டு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்; கடுக்காய் வாடையே இல்லை. அவ்வளவுதான். அவள் எப்போதோ அசதியில் இரண்டு வரிசையையும் மாற்றி வைத்திருந்தாள். மாதக்கணக்கில் எடுத்த கணக்கெல்லாம் தலைகீழ்.

என் அம்மா, அதாவது அக்காவுக்குச் சாச்சி, ஆறுதல் சொல்லப் போனார். அக்கா அழவில்லை. "தோலு தொட்டியிலேயே கெடந்தா அழுகிப்போகும்ல சாச்சி. எடுத்து மேல போட்டு வடிய விடணும்ல? நான் மட்டும் தொட்டிக்குள்ளயே கெடக்கேன். எனக்குத்தான் கூறு இல்லை" என்றாள்.

அந்த வாரமே தன்னைத் தொட்டியிலிருந்து எடுத்து மேலே போட்டுவிட்டாள். திங்கள் முதல் சனி வரை ஆராய்ச்சி. சனிக்கிழமை சாயங்காலம் லேப் சாவி பெரியம்மா இடுப்புக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை எங்காவது வெளியே: சிறுமலை அடிவாரம், ஆத்தூர் அணை, அய்யலூர்ப் பக்கத்துக் கரட்டுக் குன்று, எதுவும் இல்லாவிட்டால் அகரத்துக்குப் பக்கத்தில் குடகனாற்றங்கரை. இரண்டு வீட்டு ஜனமும் கூடவே. தோல்ஷாப்புக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அவளுக்காகப் பெரியத்தா ஞாயிற்றுக்கிழமையும் ஷாப்பைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வந்தார். போட்டியாளர்கள் அவருக்கு நோய் ஏதோ வந்துவிட்டதென்று பேசிக்கொண்டார்கள்.

போவது எங்கள் வேனில். வாரமெல்லாம் தோல் மூட்டை ஏற்றும் வேன் அது. சனிக்கிழமை மாலை நான் அதைச் சீயக்காய் போட்டுக் கழுவி, ஊதுபத்தி கொளுத்தி வைப்பேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை அதில் தோல் நாற்றத்தோடு சீயக்காயும் ஊதுபத்தியும் சேர்ந்து நாறும். வேனில் முதலில் ஏறுவது தேக்சா: செம்பில் அடித்து உள்ளே ஈயம் பூசிய, ஒரு கிடா கால் நீட்டிப் படுக்கும் அகலமுள்ள பிரியாணிப் பாத்திரம்.

தேக்சாவைப் பற்றித்தான் அக்காவின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை யார் ஆராய்ச்சிப் பேச்சை எடுத்தாலும் சாப்பாடு முடிந்ததும் அவரே அதைக் கழுவ வேண்டும். கேட்டவர், பதில் சொன்னவர் என்ற வித்தியாசம் கிடையாது. பெரியவர், சிறியவர், விருந்தாளி என்ற வித்தியாசமும் கிடையாது. யாரும் பேச்சை எடுக்காத நாளில் நான் கழுவ வேண்டும். இது சட்டத்தில் இல்லை, வழக்கத்தில் வந்துவிட்டது.

பெரும்பாலும் இரண்டு வகையிலும் நானே கழுவினேன். எனக்கு வாய் நிற்காது. "ஏக்கா, வெயிலு பட்டா நான் செவக்க மாட்டேங்குறேன், கறுக்குறேன். எனக்கும் கடுக்காய் போடலாமா?" என்று வேடிக்கைக்குத்தான் கேட்பேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கை மட்டும் தேக்சாவைக் காட்டும்.

வெளியே போனால் அவள் வேறு ஆள். மேலே போர்த்திய வெள்ளைத் துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போவாள். பாறையில் ஏறுவாள், காரைப்பழம் பறித்துத் தின்பாள், தண்ணீரைக் கண்டால் தட்டைக் கல்லாகத் தேடி எறிவாள். அவள் எறிந்த கல் தண்ணீரின் மேல் தத்தித் தத்திப் போய் அக்கரையில்தான் மூச்சு வாங்கும். நான் எறிந்தது விழுந்த இடத்திலேயே அடக்கமாகிவிடும். எங்கள் சமவெளியில் ஆவாரஞ்செடி இல்லாத வரப்பே கிடையாது. பூத்துவிட்டால் தரையெல்லாம் மஞ்சள். வாரமெல்லாம் அந்தச் செடியைத்தான் அவள் உரிக்கிறாள், இடிக்கிறாள், காய்ச்சுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அதே செடியைப் பார்த்தால், ஒரு கொத்து ஒடித்துச் சாச்சி தலையில் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

ஒரு முறை அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்தார்கள். வீட்டில் யாரும் இருக்கப் போவதில்லை என்பதால் அவர்களையும் ஆற்றுக்கே கூட்டிப் போனோம். நல்ல இடம், ஈரோட்டுப் பக்கத்தில் மண்டி வைத்திருந்தவர்கள். சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் மாமா பல்லைக் குத்திக்கொண்டே, "ஏனுங்கம்மணி, அப்படி என்னதான் ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டார். அக்கா மிகவும் பணிவாக அவருக்குத் தேக்சாவையும் தேங்காய் நாரையும் காட்டினாள். அவர்கள் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். பெரியத்தா அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறும்போது, "ஒரு சட்டி கழுவ முடியாத குடும்பம். விடு" என்று மட்டும் சொன்னார். பெரியம்மாவுக்கு அது ஆறவே இல்லை.

இப்போது பேராசிரியர். தோல் வேதியியலில் பெரிய பெயர். புத்தகம் எழுதியவர். அவருக்கு அக்காவின் ஞாயிற்றுக்கிழமை எப்படியோ தெரிந்துவிட்டது. 'ஆராய்ச்சியில் முழு மனதோடு இல்லாதவர்களின் பதிவை நீக்கும்படி எழுத நான் தயங்கியதில்லை' என்று ஒரு கார்டு வந்தது. அக்கா அதைச் சனிக்கிழமை படித்துவிட்டு, மறுநாள் சிறுமலைக்கு வந்தாள். சாவி வழக்கம்போலப் பெரியம்மா இடுப்பில்.

பிறகு அவரே வந்தார். மதுரையில் ஏதோ கூட்டம் முடிந்து போகிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஸ்டேஷனில் இறங்கி, வீட்டைத் தேடிப்பிடித்து, லேபைப் பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலுக்குப் போவதாகச் சொன்னார். வாசலில் வேன் நிற்கிறது. தேக்சா ஏறிவிட்டது.

"லேப் நாளைக்குத்தான் சார் தொறப்பேன். இன்னைக்கு ஆத்துக்குப் போறோம். நீங்களும் வாங்க" என்றாள் அக்கா.

பெரியம்மா உள்ளே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியருக்கும் வேறு போக்கிடம் இல்லை. என் பக்கத்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்தவர் அகரம் வரும்வரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. தோலைப் பற்றி நாடு நாடாகப் போய்ப் பேசியவர், தோல் ஏறுகிற வண்டியில் ஏறியது அன்றுதான் போலும்.

சைவமாக இருப்பாரோ என்று பயந்து, கிளம்புவதற்கு முன் அவருக்காக அவசரமாகத் தனியாகத் தக்காளிச் சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், கரையில் பூத்து நின்ற ஆவாரஞ்செடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, இந்த மண்ணுல வளர்ற செடியோட பட்டையில சாரம் எவ்வளவு நிக்குது? கரிசல் மண் செடியோட ஒப்பிட்டுப் பார்த்தியா?"

என் அம்மா, "யா அல்லா" என்றார். நான் சும்மா இல்லாமல் தேக்சாவைப் பார்த்தேன். எல்லாரும் தேக்சாவைப் பார்த்தார்கள்.

"சார், அது இன்னைக்குப் பூ" என்றாள் அக்கா.

"என்னது?"

"இன்னைக்கு அது பூ சார். நாளைக்குக் காலையில பட்டை. அப்பக் கேளுங்க, சொல்றேன்."

"நாளைக்கு நான் மெட்ராஸ்ல இருப்பேன்."

"அப்பக் கடுதாசி போடுறேன் சார்."

அவர் முகம் இறுகிவிட்டது. "ஆராய்ச்சிக்கு லீவு கிடையாதும்மா. வாராவாரம் இப்படி ஆத்துல கல்லெறிஞ்சிட்டு இருந்தா இது தேறாது. தேறலேன்னா, ஞாயித்துக்கிழமையாலதான் தேறலேன்னு ஊர் சொல்லும். முதல்ல நானே சொல்வேன். உனக்கு அப்புறம் படிக்க வர்ற பொண்ணுங்களையும் யாரும் சேர்த்துக்க மாட்டாங்க. யோசிச்சுக்கோ."

அக்கா யோசித்தாள் என்றே நினைக்கிறேன். காலால் மணலைக் கிளறினாள். பிறகு சொன்னாள்: "தோலைத் தொட்டியிலேயே வச்சிருந்தா பதப்படாது, அப்பப்ப எடுத்து வடிய விட்டுத்தான் மறுபடி எறக்கணும்னு உங்க புத்தகத்துல நீங்களே எழுதியிருக்கீங்க சார். நான் அதைத்தான் செய்யுறேன். தேறலேன்னா ஞாயித்துக்கிழமை மேல பழி போட மாட்டேன். மத்த ஆறு நாளு மேல போடுவேன்." காலிலிருந்த மணலை உதறிவிட்டு, "அப்புறம் சார், இங்க ஒரு வழக்கம் இருக்கு" என்று சொல்லித் தேக்சாவை நோக்கிக் கையை நீட்டினாள்.

சட்டத்தை அவருக்கு விளக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நான் விளக்க விளக்கப் பெரியத்தா தவித்தார். "ஏம்மா, அவரு விருந்தாளி. தெரியாமக் கேட்டுட்டாரு."

"பொண்ணு பாக்க வந்தவருக்கும்தான் தெரியாது. அவருக்கு ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமா, அத்தா?"

பேராசிரியர் கோட்டைக் கழற்றினார். அதை வாங்கிக்கொள்ள யாருக்கும் தைரியம் வராததால் ஆவாரஞ்செடியின் மேல் போட்டார். கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு தேக்சாவை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நான் ஒத்தாசைக்குப் போனேன். "தள்ளிப் போப்பா" என்றார். உள்ளே ஈயம் தேயாமல் சாம்பல், வெளியே கரிக்கு மணல், கடைசியில் செம்புக்குப் புளி. வேதியியல் படித்தவர் கழுவியதற்கும் பி.ஏ. தவறியவன் கழுவியதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்று எங்கள் வீட்டுப் பெண்கள் கண்கூடாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு என் வேலையை யாரும் மெச்சியதில்லை.

கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் மர நிழலில் போய்ப் படுத்தார். படுத்தவர் தூங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது என் அத்தா போட்ட உபசட்டம். அவர் தன் சொந்த நலனுக்காகப் போட்டது. ரயில் போயிற்று. வெயில் தாழ்ந்தபின் எழுந்து உட்கார்ந்தவர், இது எந்த ஊர் என்று கேட்பவரைப் போல எங்களைப் பார்த்தார். பல வருஷமாக அவர் பகலில் கண் அசந்ததே இல்லையாம்.

மறுநாள் காலையில் அவரை நான்தான் கல்லூரிக்குக் கூட்டிப் போனேன். லேபுக்கு வெளியே வராந்தாவில் காத்திருந்தேன். உள்ளே அவர் அதே கேள்வியைக் கேட்டது காதில் விழுந்தது. அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். பலகையில் சாக்கட்டி ஓடுகிற சத்தம், அவர் குறுக்கே கேட்கிற சத்தம், அவள் விடாமல் சொல்கிற சத்தம். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் வராந்தாவில் போனவர் வந்தவரையெல்லாம் நிறுத்தி, "உள்ள பேசுறது எங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மதியம் கோட்டெல்லாம் சாக்கட்டித் தூளோடு வெளியே வந்தவரை வேனில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். இறங்கும்போது, "ஏம்ப்பா, நேத்துப் போன இடத்துக்கு எப்படிப் போகணும்?" என்று மட்டும் கேட்டார். வழி சொன்னேன். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. பதிவை நீக்குகிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அறுபதுகளில் ஒரு வழியாக அவள் ஆராய்ச்சியை எழுதி முடித்து அனுப்பினாள். வெளிநாட்டில் ஒருவர் படித்துப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் படித்தார், படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். ஊரில் விசாரிப்பு ஆரம்பமாயிற்று. "என்னப்பு, ஒங்க அக்கா பாஸா பெயிலா?" என்று சலூனில் கேட்டார்கள். "ஆத்துல வெளையாடிட்டு இருந்தா எப்படிப்பா?" என்று மண்டியில் சொன்னார்கள். பேராசிரியர் சொன்னது பலித்துக்கொண்டிருந்தது, முடிவு வருவதற்கு முன்னாலேயே.

அவள் வாரமெல்லாம் வகுப்பெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறினாள். எதுவும் மாறவில்லை, கல்லைத் தவிர. அவள் எறிகிற கல் இப்போது முதல் தொடுதலிலேயே முழுகியது. என் கல்லைப் போல. நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம். யாரும் ஆராய்ச்சியைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்குக்கூட வாய் நின்றுவிட்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே ஆற்றங்கரை. சாப்பிட்டு முடித்து, யாரும் வாய் திறக்காததால் வழக்கப்படி எனக்கென்று தேக்சா தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. பாதையில் ஒரு ஜட்கா வந்து நின்றது. பேராசிரியர் இறங்கினார். வீட்டில் பூட்டைப் பார்த்துவிட்டு, நான் சொன்ன வழியை ஞாபகம் வைத்து வந்திருக்கிறார்.

பெரியத்தா எழுந்து, "வாங்கய்யா" என்றார். அவர் கும்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அக்கா எழுந்து நின்றாள். அவளையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை; அது அப்படிப்பட்ட முகம். கோட்டைக் கழற்றி ஆவாரஞ்செடியின் மேல் போட்டார். கால்சட்டையைச் சுருட்டினார். தண்ணீரில் இறங்கித் தேக்சாவைக் கழுவ ஆரம்பித்தார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மனிதர் ஆராய்ச்சியைப் பற்றி ஏதோ பேசப் போகிறார். அதற்கு முன்கூட்டியே கழுவுகிறார்.

ஆனால் நல்ல சேதிக்கும் அதே தேக்சாதான், கெட்ட சேதிக்கும் அதே தேக்சாதான். பெரியத்தாவின் உதடு துஆ ஓதிக்கொண்டிருந்தது. பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அவர் அவசரப்படவே இல்லை. சாம்பல், மணல், புளி. அலசினார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் கரி இருந்ததாம், மறுபடி தேய்த்தார். அந்த ஆளை ஆற்றில் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

கரைக்கு வந்து தேக்சாவைக் கவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். அக்காவைப் பார்த்து, "டாக்டரம்மா, இப்பப் பேசலாமில்ல?" என்றார்.

பெரியம்மா போட்ட சத்தத்தில் ஜட்காக் குதிரை மிரண்டது. பெரியத்தா மகளை நோக்கி வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். சுற்றிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகத் தேக்சாவிடம் போனார். பேராசிரியர் கழுவிப் பளபளவென்று வைத்திருந்த பாத்திரத்தைத் தண்ணீருக்கு இழுத்துப் போய் மறுபடி கழுவினார். திரும்பி வந்து அவள் தலையில் ஈரக் கையை வைத்தார். "ஊரு என்ன சொன்னாலும் ஞாயித்துக்கிழமைய விடலையே நீ" என்றார். அத்தனை கழுவியது இந்த ஒரு வாக்கியத்துக்கு.

பிறகு வரிசை. பெரியம்மா கழுவினார், என் அம்மா கழுவினார், என் அத்தா கழுவினார். ஒவ்வொருவரும் கழுவி முடித்துவிட்டு வந்து, வருஷக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார்கள். நான் கழுவிவிட்டு, "கடுக்காய் போடுற விசயம்" என்று ஆரம்பித்தபோது, "நீ இன்னொரு தடவை கழுவு" என்று எல்லாருமாகச் சொன்னார்கள்.

கடைசியில் அக்கா எழுந்து போனாள். எங்கள் குடும்பத்தின் கைகளெல்லாம் பட்டுத் தேய்ந்திருந்த தேக்சாவை அவளும் ஒரு முறை கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். கோட்டுக்கு அடியிலிருந்த ஆவாரஞ்செடியில் ஒரு குச்சியை ஒடித்தாள். பூவைக் கிள்ளிச் சாச்சியிடம் கொடுத்தாள். நகத்தால் பட்டையை உரித்தாள். "இங்க பாருங்க. இது ஏன் செவக்குதுன்னா..." என்று ஆரம்பித்தாள். பேராசிரியர் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார். பெரியம்மாவும் பெரியத்தாவும் கேட்டார்கள். எங்கள் பேச்சில், எங்கள் தோலை வைத்து, சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போகும்வரை சொன்னாள். எனக்குக்கூடப் புரிந்தது.

தேக்சா இப்போது என் வீட்டில் இருக்கிறது. இதை எழுதி முடிக்கும்போது நாள் என்னவென்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. அக்கா இல்லாவிட்டாலும் சட்டம் சட்டம்தான். நார் எங்கே இருக்கிறதென்று போய்ப் பார்க்கிறேன்.